பென்டாக்ஸ் கே1000: கையால் இயக்கும் ஃபிலிம் கேமராவைப் பழகுபவர்கள் கேட்கும் கேள்விகள்

அப்பாவின் பீரோவிலிருந்தோ, மூடப்போகும் ஸ்டுடியோவிலிருந்தோ ஒரு ஃபிலிம் கேமரா கைக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் பென்டாக்ஸ் கே1000-ஐ வைத்துச் சொன்னவை, ஏனென்றால் பத்து வருடமாக என் தோளில் தொங்குவது அதுதான். உங்களிடம் இருப்பது வேறு கேமரா என்றாலும் பெரும்பகுதி பொருந்தும்.

பழகுவதற்கு ஏன் கே1000-ஐச் சொல்கிறீர்கள்?

ஜப்பானின் அசாஹி ஆப்டிகல் நிறுவனம் இதை 1976-இல் வெளியிட்டது. 1997 வரை பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் தயாரித்துக்கொண்டே இருந்தார்கள். முதலில் ஜப்பானிலும் பிறகு ஹாங்காங்கிலும் சீனாவிலும் செய்யப்பட்ட இந்தக் கேமரா முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. அதனால் இன்றும் தேடினால் கிடைக்கிறது, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

இதில் நாம் செய்ய வேண்டியவை மூன்று: ஷட்டர் (ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரை) வேகத்தை வைப்பது, அபர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் திறப்பு) வைப்பது, ஃபோகஸ் செய்வது. தானாக எதையும் தீர்மானிக்காது. செல்ஃப் டைமர்கூடக் கிடையாது. பாட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். அது தீர்ந்துபோனாலும் 1 விநாடியிலிருந்து 1/1000 விநாடி வரை எல்லா வேகத்திலும் ஷட்டர் இயங்கும். அதே 1976-இல் வந்த கேனான் ஏஇ-1 நல்ல கேமராதான், ஆனால் பாட்டரி போனால் ஷட்டரே விழாது. 1982-இல் வந்த நிக்கான் எஃப்எம்2 இதைவிட மேலானது, 1/4000 வரை போகும். கட்டுப்படியாகிற விலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

பழைய கேமரா வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

லென்ஸைக் கழற்றி, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். மரத்தின் வேர்போலக் கிளைபிரிந்த மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் லேசாக இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் அந்த லென்ஸ் வேண்டாம்.

அடுத்து, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிச்சமான ஜன்னலைப் பார்த்து 1/1000-இல் ஷட்டரை விடுங்கள். கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு சட்டம் (ஃப்ரேம்) முழுவதும் வெளிச்சம் தெரிய வேண்டும். கே1000-இன் ஷட்டர் பக்கவாட்டில் ஓடும் துணித் திரை. வயதாகி ஓட்டம் தளர்ந்திருந்தால் ஒரு ஓரம் மட்டும் இருட்டாக நிற்கும். பிறகு 1 விநாடியில் வைத்து ஓசையைக் கேளுங்கள். நடுவில் திணறாமல் ஓட வேண்டும்.

அடியில் உள்ள பாட்டரி மூடியை ஒரு நாணயத்தால் திறந்து, பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு எல்ஆர்44 பாட்டரி ஒன்று போதும், கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். அதைப் போட்டு, வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்) பார்த்தபடி ஷட்டர் சக்கரத்தைத் திருப்பினால் வலது ஓரத்து முள் ஏறி இறங்க வேண்டும். கதவின் பள்ளத்தில் உள்ள கறுப்பு ஸ்பாஞ்ச் தார்போல விரலில் ஒட்டினால் பயப்பட வேண்டாம். எல்லாப் பழைய கேமராவிலும் அது கரையும். புதிதாக ஒட்டிவிடலாம். ஒட்டாமல் விட்டால்தான் வெளிச்சம் கசிந்து படத்தில் ஆரஞ்சுக் கோடு விழும்.

ஃபிலிம் மாட்டுவது எப்படி? சரியாக மாட்டியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

என் தங்கை மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்தினார்கள். அப்போது கேமரா வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மொட்டை போட்ட தலையில் சந்தனம், மாமன் மடியில் குழந்தை, ஆசாரி ஊசியை எடுக்கிற நொடி, வீறிட்ட அழுகை, உடனே வாயில் திணித்த வாழைப்பழம் என்று ஒன்றையும் விடவில்லை. 36 படம் முடிந்தது. ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும் லீவரைத் தள்ளினேன், போனது. 37, 38, 39. பரவாயில்லையே, கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். நாற்பதைத் தாண்டியதும்தான் வயிற்றைக் கலக்கியது. வீட்டுக்கு வந்து இருட்டில் திறந்து தடவிப் பார்த்தால், ஃபிலிமின் நாக்கு காலையில் நான் வைத்த இடத்திலேயே கிடந்தது. ஃபிலிமைச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூலில் சிக்கவே இல்லை. ஒரு படமும் பதியவில்லை. "படம் எப்போ வரும் அண்ணா?" என்று தங்கை ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இடது பக்க ரீவைண்ட் குமிழை மேலே இழுத்தால் கதவு திறக்கும். ரோலை இடது பள்ளத்தில் வைத்துக் குமிழைக் கீழே அழுத்துங்கள். நாக்கை இழுத்து வலது பக்க ஸ்பூலின் பிளவில் செருகுங்கள். கதவை மூடாமலேயே லீவரை ஒருமுறை தள்ளி, ஃபிலிமின் இரண்டு ஓரத் துளைகளும் பற்களில் உட்காருவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு கதவை மூடி, ரீவைண்ட் கைப்பிடியை அதன் அம்புக்குறிப் பக்கம் மெதுவாகச் சுற்றி, உள்ளே இருக்கும் தொய்வை எடுங்கள். லேசாகத் தடுக்கும், அங்கேயே நிறுத்துங்கள். இனி ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் அந்த இடது குமிழ் எதிர்ப்பக்கமாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் எண் காட்டி என்ன சொன்னாலும் நம்பாதீர்கள், அது லீவரைத்தான் எண்ணுகிறது, ஃபிலிமை அல்ல.

இன்றும் முதல் மூன்று படத்துக்கு என் கண் அந்தக் குமிழில்தான் இருக்கும்.

ஏ.எஸ்.ஏ என்று ஒரு எண் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

ஃபிலிம் எவ்வளவு வேகமாக வெளிச்சத்தைப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. ரோல் டப்பாவில் ஐ.எஸ்.ஓ 200 என்றோ 400 என்றோ போட்டிருக்கும். ஷட்டர் சக்கரத்தின் வெளி வளையத்தைத் தூக்கித் திருப்பி அதே எண்ணை வையுங்கள். ஏ.எஸ்.ஏ-வும் ஐ.எஸ்.ஓ-வும் இங்கே ஒன்றுதான். புது ரோல் போடும்போது இதை மாற்ற மறப்பது எல்லோருக்கும் நடக்கும். டப்பாவின் அட்டையைக் கிழித்து கேமரா பின்னால் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், உள்ளே என்ன ரோல் இருக்கிறது என்ற சந்தேகமும் தீரும்.

எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறைகிறது. ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது?

அபர்ச்சர் வளையத்தில் இருக்கும் அந்த எண் ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் திறப்பின் விட்டம் வரும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 வைத்தால் திறப்பு 25 மி.மீ., ஏறக்குறைய பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு. எஃப் 16 வைத்தால் 3 மி.மீ., மிளகைவிடச் சிறியது. இதைப் படித்து மனப்பாடம் செய்யாதீர்கள். லென்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வளையத்தைத் திருப்புங்கள், இதழ்கள் சுருங்குவதைப் பார்த்தாலே புரியும்.

2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்ற வரிசையில் ஒவ்வொரு படியும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். ஷட்டரிலும் அப்படியே, 1/60-இலிருந்து 1/125-க்குப் போனால் பாதி. ஒரு பக்கம் ஒரு படி குறைத்து, இன்னொரு பக்கம் ஒரு படி கூட்டினால் வெளிச்சம் அதேதான். 1/250-இல் எஃப் 16-ம், 1/500-இல் எஃப் 11-ம், 1/1000-இல் எஃப் 8-ம் ஃபிலிமுக்கு ஒரே அளவு வெளிச்சத்தையே தரும். பின்னணி தெளிவாக வேண்டுமா, ஓடும் பிள்ளை உறைந்து நிற்க வேண்டுமா என்பதைப் பார்த்து எதை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

முள்ளை நடுவில் நிறுத்தித்தான் எடுத்தேன். ஆனாலும் தாத்தா முகம் கறுத்துப் போயிருக்கிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

தாத்தா வெள்ளை வேட்டி சட்டையில், சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாரா? அப்படியென்றால் மீட்டர் நன்றாக இருக்கிறது.

கே1000-இன் மீட்டர் சட்டத்துக்குள் தெரிவதை எல்லாம் கலந்து சராசரி பார்க்கும். அந்தச் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு முள்ளை நடுவில் நிறுத்தச் சொல்லும். சட்டத்தில் முக்கால்வாசி வெள்ளைச் சுவரும் வேட்டியும் இருந்தால் "வெளிச்சம் ரொம்ப அதிகம், குறை" என்று முள் மேலே ஏறும். நாம் குறைப்போம். வேட்டி சாம்பலாகும், முகம் கரியாகும். கறுப்பு எருமையைச் சட்டம் நிறைய எடுத்தால் இதற்கு நேர்மாறாக எருமை வெளுத்துப் போகும். முள் பொய் சொல்வதில்லை. எதைப் பார்த்துச் சொல்கிறது என்று நாம் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் போங்கள். தாத்தாவின் முகம் மட்டும் சட்டத்தை நிறைக்கட்டும். அங்கே முள்ளை நடுவில் நிறுத்துங்கள். நம் ஊர் மாநிறம் மீட்டர் எதிர்பார்க்கும் நடுத்தரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்த அளவு பெரும்பாலும் சரியாக வரும். பிறகு திரும்பி வந்து, முள் எங்கே ஓடினாலும் அளவை மாற்றாமல் எடுங்கள். அருகில் போக முடியாத இடத்தில், அதே வெயில் விழும்படி உங்கள் உள்ளங்கையை நீட்டி அதை அளங்கள். உள்ளங்கை நடுத்தரத்தைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (மேலே சொன்ன ஒரு படி) வெளுப்பு. ஆகவே வந்த அளவிலிருந்து ஒரு ஸ்டாப் திறந்துவிடுங்கள். இது மட்டும் கைவந்துவிட்டால் கே1000-இல் கற்க வேண்டியதில் பாதி முடிந்தது.

பாட்டரியே இல்லை. படம் எடுக்க முடியுமா?

தாராளமாக. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஐ.எஸ்.ஓ எண்ணுக்குப் பக்கத்தில் வரும் ஷட்டர் வேகத்தை வையுங்கள். 200 ஃபிலிம் என்றால் 1/250. 400 என்றால் 1/500. வெளிச்சம் குறையக் குறையத் திறந்துகொண்டே வாருங்கள். நிழல் மங்கலாக விழும் மெல்லிய மேகத்துக்கு எஃப் 11, நிழலே விழாத மேகத்துக்கு எஃப் 8, மழை இருட்டுக்கு எஃப் 5.6, மர நிழலுக்கும் திண்ணைக்கும் எஃப் 4.

பாட்டரி இருந்தாலும் இதைப் பழகுங்கள் என்பேன். கேமராவைக் கண்ணில் வைக்கும் முன்பே, "இது எஃப் 5.6, 1/125" என்று மனதுக்குள் சொல்லுங்கள். அப்புறம் முள்ளைப் பாருங்கள். பஸ் ஸ்டாப்பில் கேமரா இல்லாமல் நிற்கும்போதுகூடச் செய்யலாம். எனக்கு மூன்று மாதத்தில் ஒரு ஸ்டாப்புக்குள் வந்துவிட்டது.

சந்தேகமாக இருந்தால் கூட்டுவதா, குறைப்பதா?

நெகட்டிவ் ஃபிலிம் என்றால் கூட்டுங்கள். கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். ஒரு ஸ்டாப் குறைந்தாலே நிழல்கள் சேறுபோல ஆகிவிடும். ஸ்லைடு ஃபிலிமில் (நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமாகவே வருவது) இது நேர்மாறு, வெளுத்த இடம் வெளுத்ததுதான்.

ஃபோகஸ் வைப்பதற்குள் ஆள் நகர்ந்துவிடுகிறார். என்ன செய்ய?

வ்யூஃபைண்டரின் நடுவட்டம் மினுமினுக்கும். ஃபோகஸ் கூடியதும் மினுமினுப்பு அடங்கித் தெளியும். உருவப்படத்துக்கு அந்த வட்டத்தைக் கண்ணிமையில் வையுங்கள்.

தெருவில் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. லென்ஸில் ஃபோகஸ் தூரத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் அபர்ச்சர் எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 16 வைத்து ஃபோகஸை 5 மீட்டர் பக்கம் நிறுத்தினால், சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக வரும். நான் சந்தைக்குப் போகும்போது 400 ஃபிலிம் போட்டு இப்படித்தான் வைத்திருப்பேன். தூக்குவது, எடுப்பது, அவ்வளவுதான்.

ஃபிளாஷ் போடலாமா?

போடலாம். ஷட்டரை 1/60-இல் வையுங்கள். அதைவிட வேகமாக வைத்தால் திரை முழுதாகத் திறக்காமல் பாதிப் படம் இருட்டாகும்.

ரோல் முடிந்ததும் என்ன செய்வது?

லீவர் முரண்டு பிடித்தால் அதோடு விட்டுவிடுங்கள். இழுத்தால் ஃபிலிம் டப்பாவிலிருந்து பிய்ந்துவிடும். அடியில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி, இடது கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் சுற்றுங்கள். கடைசியில் ஒரு இறுக்கம் வந்து, பட்டென்று தளரும். இன்னும் இரண்டு சுற்று. பிறகே கதவைத் திறக்க வேண்டும். பிய்ந்தே போய்விட்டதா? ஜன்னல் இல்லாத அறை, இரவு நேரம், மேலே கனமான போர்வை. கையால் தடவி எடுத்து, வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு, லேபில் சொல்லிக் கொடுங்கள்.

எங்கே கழுவுவது? வீட்டில் முடியுமா?

கலர் நெகட்டிவ் சி-41 முறை. 38 டிகிரியைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் லேபுக்குக் கொடுத்துவிடுங்கள், கூரியரில் வாங்கிக் கழுவித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நெகட்டிவைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். என் இரண்டு ரோல் நெகட்டிவை ஒரு லேப் ஸ்கேன் செய்த பிறகு தூக்கிப் போட்டுவிட்டது. கையில் இருப்பது இப்போது சின்ன அளவுக் கோப்புகள் மட்டும்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுங்கள், தயங்க வேண்டாம். ஒரு டேங்க், மாற்றுப் பை (வெளிச்சம் புகாமல் உள்ளே கை விட்டு ஃபிலிமை டேங்கில் மாற்றும் பை), தெர்மாமீட்டர், டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்), ஃபிக்ஸர் (அதை நிலைக்கவைக்கும் கரைசல்) போதும். இல்ஃபோர்ட் ஹெச்பி5 ஃபிலிமை டி-76 டெவலப்பரில் தண்ணீர் கலக்காமல் கழுவ, 20 டிகிரியில் ஏழரை நிமிடம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சித்திரையில் 30 டிகிரியைத் தொடும், அதில் அப்படியே ஊற்றினால் நேரம் மிகவும் சுருங்கி, படம் திட்டுத்திட்டாக வரும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகவே கூடாது. நான் டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலந்துவிடுவேன். அப்போது 20 டிகிரிக்கு 11 நிமிடம், 24 டிகிரிக்கு ஏறக்குறைய ஏழரை நிமிடம். பாட்டிலைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்தால் 24 எளிதில் வரும். கடைசி அலசலுக்கு உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் நெகட்டிவில் வெள்ளைப் பொட்டு நிற்கும். ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்கைத் திறந்து ஈர ஃபிலிமை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்கும் அந்த நிமிடம் இருக்கிறதே, அதற்காகவே வீட்டில் கழுவலாம்.

பழைய "இந்து" ரோல் ஒன்று கிடைத்தது. போட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் முக்கியமான நாளுக்கு வேண்டாம். ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் ஃபிலிம் அது. 1960-இல் தொடங்கி, 1967-இல் உற்பத்திக்கு வந்தது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் எத்தனையோ பேரின் கறுப்பு வெள்ளைப் படங்கள் அந்த ரோலில் எடுத்தவை. காலாவதியான ஃபிலிமுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டு என்பார்கள். அது ஒரு குத்துமதிப்பு. வெயிலில் கிடந்ததா, ஃப்ரிட்ஜில் இருந்ததா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். புகைமூட்டமாக ஏதாவது ஒரு முகம் தெரிந்தால்கூட எனக்கு மகிழ்ச்சிதான். டப்பாவை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

கேமராவை எப்படி வைத்திருப்பது? அரிசி டப்பாவில் போடலாமா?

அரிசி வேண்டாம், அதன் மாவு உள்ளே புகும். பழைய தோல் உறையும் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வளர்க்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் நான்கைந்து சிலிக்கா ஜெல் பையும் போதும். அதற்கும் மேலாக, வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து ஷட்டரை ஓட்டுங்கள்.

லென்ஸ் மூடியை மறக்காதீர்கள். கே1000-இல் மீட்டரை அணைக்கத் தனி சுவிட்ச் கிடையாது, மூடிதான் சுவிட்ச். மூடாமல் மேசையில் வைத்தால் பாட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

விமானத்தில் ஃபிலிமைக் கொண்டுபோகலாமா?

கைப்பையில் மட்டும். பெட்டியில் போட்டு அனுப்பினால் அந்த ஸ்கேனரின் கதிர் ஃபிலிமைக் கெடுத்துவிடும். கைப்பைக்கும் புதிதாக வந்துள்ள சிடி வகை ஸ்கேனர்கள் ஆபத்துதான். ரோல்களை ஒரு கண்ணாடிப் பையில் தனியாகப் போட்டு, கையால் பார்க்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள்.

முதல் ரோலில் என்ன எடுக்கட்டும்?

வீட்டைச் சுற்றி இருப்பதை. ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர், அபர்ச்சர், வெளிச்சம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். இரண்டு மூன்று இடங்களில் ஒரே காட்சியை முள் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று என்று எடுங்கள். நெகட்டிவ் வந்ததும் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் முதல் நோட்டில் பதினோராம் படத்துக்கு எதிரே "அம்மா, அடுப்படி ஜன்னல், 1/30, எஃப் 2, கை ஆடியிருக்கும்" என்று எழுதியிருக்கிறேன். கை ஆடவில்லை. அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.